493: இருமலுக்கு ஒரு நம்பர், ஆயுளுக்கு ஒரு பட்டம்

"ஒன்ராறியோவில மூண்டு பேரில ஒராளுக்கு வாழ்நாளில ஆஸ்துமா வருமாம்." இந்த வசனத்தைக் கேட்காத எங்கட ஆக்கள் குறைவு. கோயில் அன்னதான வரிசையில் ஒருவர் சொல்லுவார், அடுத்தவர் "ஓமோம், குளிர்தான் காரணம்" என்பார், மூன்றாமவர் கார்ப்பெட்டில் பழியைப் போடுவார். அந்த நம்பர் எங்கே இருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நம்பர் பொய்யில்லை. 2010ல் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் வந்தது. 33.9 சதவீதம். ஆனால் அந்தக் கட்டுரை சொன்னது "மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா வரும்" என்று அல்ல. "மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஆஸ்துமா என்று வைத்தியரால் பதியப்படுவார்" என்பதுதான் அதில் இருந்தது. இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். சின்ன இடைவெளி இல்லை நண்பர்களே, ஒரு ஆளின் உயிரே அதற்குள் விழுந்து போகலாம்.

முதலில் இந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் இருமலோடு டொக்டரிடம் போகிறீர்கள். ஹெல்த் காட்டைக் காட்டுகிறீர்கள். காசு கேட்பதில்லை. நாங்கள் இதை "ஃப்ரீ" என்கிறோம். ஆனால் டொக்டர் அந்தக் காசை மாகாணத்தின் ஓஹிப் காப்புறுதியிடம் கேட்க வேண்டும். அதற்கு அவர் அனுப்பும் பில்லில் இரண்டு விடயம் இருக்கும். ஒன்று, என்ன சேவை செய்தார் என்பதற்கான குறியீடு. அதை வைத்துத்தான் காசு. மற்றது, என்ன வருத்தம் என்பதற்கு மூன்று இலக்கக் குறியீடு. 460 என்றால் தடிமன். 466 என்றால் மூச்சுக்குழாய் அழற்சி. 786 என்றால் இருமல், மூச்சுத்திணறல் போன்ற வெறும் அறிகுறிகள். 493 என்றால் ஆஸ்துமா.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாதாரணமாக உங்களைப் பார்த்துச் சோதித்ததற்கு 460 என்று போட்டாலும் அதே காசுதான், 493 என்று போட்டாலும் அதே காசுதான். ஆகவே "டொக்டர்மார் காசுக்காக ஆஸ்துமா எண்டு எழுதுகினம்" என்று கதைப்பவர்கள் தயவுசெய்து வேறு கதை தேடவும். பிரச்சினை களவு இல்லை, கவனமின்மை. அந்த மூன்று இலக்கத்தில் பிழை விட்டால் ஒருவருக்கும் நட்டம் இல்லை, சரியாக எழுதினால் ஒருவருக்கும் லாபம் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியை மனிதர்கள் எப்படி நிரப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வேலையிடத்தில் நீங்களும் நானும் எத்தனை படிவத்தை அப்படி நிரப்பியிருப்போம்!

இந்தப் பில்கள் கோடிக்கணக்கில் சேர்கின்றன. பெயர்களை மறைத்து, அட்டை இலக்கத்தை வேறு இலக்கமாக மாற்றி, 1992ல் தொடங்கிய ஐசெஸ் என்ற ஆய்வு நிறுவனத்திடம் போகின்றன. அங்கே ஆஸ்துமாக்காரரைக் கண்டுபிடிக்க ஒரு விதி இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு தடவை 493 என்ற பில்லோடு டொக்டரைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது ஒரு தடவை ஆஸ்துமாவுக்காக வைத்தியசாலையில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். விதிக்குள் வந்துவிட்டீர்களா? நீங்கள் ஆஸ்துமாக்காரர்.

எவ்வளவு காலத்துக்கு? சாகும் வரைக்கும்! அல்லது மாகாணத்தை விட்டுப் போகும் வரைக்கும். பட்டியலுக்குள் போக வாசல் இருக்கிறது, சுகமாகி வெளியே வர வாசல் இல்லை. எங்கட ஊர்ப் பட்டப்பெயர் மாதிரி. பத்து வயதில் வைத்த பெயர், பேரப்பிள்ளை கண்ட பிறகும் அதே பெயர்தான்.

இப்படிக் கட்டிய பட்டியலை வைத்து, ஒன்ராறியோவில் ஆஸ்துமாக்காரர் 1996ல் 8.5 சதவீதம், 2005ல் 13.3 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். பத்து வருடத்தில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. எல்லாம் விதியின் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளில் புதிதாகப் பதியப்படுபவர்களும் அந்தக் காலத்தில் கூடினார்கள். ஆனால் வெளியேற வழியில்லாத மண்டபத்துக்குள் ஆட்களை விட்டுக்கொண்டே இருந்தால் கூட்டம் கூடத்தானே செய்யும்? அதைப் பார்த்து "ஐயோ, ஊரே திரண்டு வந்திட்டுது" என்றால் என்ன அர்த்தம்?

"அப்ப அந்த விதியை ஒருத்தரும் சோதிச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். அதற்காக அந்த ஆய்வாளர்களைப் பாராட்ட வேண்டும். 2009ல் வந்த ஆய்வில் கிளினிக்குகளில் இருந்த கோப்புகளை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். கோப்பின்படி ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 83.8 சதவீதமானவர்களை விதி சரியாகப் பிடித்தது. ஆஸ்துமா இல்லாதவர்களில் 76.5 சதவீதமானவர்களைச் சரியாக விட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு 2006ல் செய்த சோதனையில் இவை 89 சதவீதம், 72 சதவீதம்.

கேட்க நல்ல மார்க்ஸ் மாதிரி இருக்கிறது. 76 என்றால் எங்கட பள்ளிக்கூடத்தில் விசேட சித்தி. கொஞ்சம் பொறுங்கள், கடதாசியும் பேனையும் எடுங்கள்.

ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் 100 பேருக்கு உண்மையாகவே ஆஸ்துமா என்று வைப்போம். விதி 84 பேரைப் பிடிக்கும், 16 பேரைத் தவறவிடும். மிச்சம் 900 பேர். இவர்களில் 76.5 சதவீதத்தைத்தான் சரியாக விடும் என்றால், ஏறக்குறைய 211 பேர் சும்மா பட்டியலுக்குள் வருவார்கள். ஆகப் பட்டியலில் 295 பேர், அதில் உண்மையானவர்கள் 84. பத்தில் மூன்று கூட இல்லை!

இது அநியாயமான கணக்கு என்று ஒருவர் வாதாடலாம். அது கிளினிக்குக்கு வந்தவர்களின் கோப்பில் செய்த சோதனை, தெருவில் போகிற எல்லோரிலும் அவ்வளவு பிழை வராது என்பார். சரி, ஏற்றுக்கொள்வோம். 76.5ஐ 90 ஆக்குவோம். அப்போதும் 900 பேரில் 90 பேர் பிழையாக உள்ளே வருவார்கள். உண்மையானவர்கள் 84, பிழையானவர்கள் 90. ஆஸ்துமா இல்லாதவர்களின் கூட்டம் பெரிது, அதனால் சின்னச் சதவீதப் பிழையும் பெரிய தொகையாகிவிடும். இது மருத்துவம் கூட இல்லை, எட்டாம் வகுப்புக் கணக்கு.

இனி இதைவிட ஆழமான விசயத்துக்கு வருவோம். அந்தச் சோதனையில் பட்டியலை எதோடு ஒப்பிட்டார்கள்? டொக்டரின் கோப்போடு. நுரையீரலோடு அல்ல. கோப்பே பிழையாக இருந்தால்?

அதையும் கனடாவிலேயே பார்த்திருக்கிறார்கள். ஒட்டாவாவைச் சேர்ந்த ஷோன் ஆரன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் பத்து நகரங்களில், கடந்த ஐந்து வருடத்துக்குள் ஆஸ்துமா என்று டொக்டர் சொன்ன பெரியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, திரும்பத் திரும்ப மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். 2017ல் ஜாமா சஞ்சிகையில் முடிவு வந்தது. முழுமையாகச் சோதித்து முடித்தவர்கள் 613 பேர். அதில் 203 பேருக்கு, அதாவது 33.1 சதவீதத்தினருக்கு, அப்போது ஆஸ்துமா இல்லை. இன்னும் ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோதும் 181 பேருக்கு அதற்கான அடையாளமே இல்லை. சிலருக்கு முந்தி இருந்து பிறகு அடங்கியிருக்கலாம். அடங்கியிருந்தாலும் அவர்களின் கோப்பில் அது எழுதப்படவில்லை.

அந்த 203 பேரில் முதன்முதலில் ஆஸ்துமா என்று சொன்னபோது மூச்சுப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 43.8 சதவீதம் மட்டும். வேறொரு ஆய்வு ஒன்ராறியோவில் 2005 முதல் 2007 வரை புதிதாக ஆஸ்துமா என்று பதியப்பட்ட நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தது. அவர்களில் நுரையீரல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 42.7 சதவீதம்தான். யோசித்துப் பாருங்கள். இரத்தத்தில் சீனி பார்க்காமல் "உங்களுக்கு டயபிற்றிஸ்" என்று சொன்னால் விடுவோமா? டொக்டரோடு சண்டைக்குப் போவோம். மூச்சு என்றால் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு நீல நிறப் பம்பை எழுதித் தந்தால் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

ஆகப் பிழை ஒன்றல்ல, இரண்டு அடுக்கு. நுரையீரலில் இருந்து கோப்புக்குப் போகும்போது ஒன்று. கோப்பில் இருந்து பில்லுக்குப் போகும்போது இன்னொன்று. பில்லில் இருந்து பத்திரிகைக்கும், பத்திரிகையில் இருந்து அன்னதான வரிசைக்கும் போகும்போது வருகிற பிழைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை!

"சரி, அதால என்ன நட்டம்? ஒரு பம்ப் கூட அடிச்சா ஆளா செத்துப் போகும்?" என்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். அதே 2017 ஆய்வில் 12 பேருக்கு ஆஸ்துமா என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர்களுக்கு உண்மையில் இருந்தது இதயத்திலோ மூச்சுவழியிலோ பாரதூரமான வேறு வருத்தம். 613ல் 12. இரண்டு சதவீதம். அந்த இரண்டு சதவீதத்தில் உங்கள் அம்மா இருந்தால் அது நூறு சதவீதம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருந்தார். ஊரில் அவருக்கு ஒரு நாளும் தொய்வு வந்ததில்லை. இங்கே வந்து இரண்டாவது பனிக்காலத்தில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. "நெஞ்சுக்குள்ள முட்டுது பிள்ளை" என்று சொன்னார். கூடப் போன பேரன் அதை ஆங்கிலத்தில் "வீஸிங்" என்று சொன்னான். பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலமும் பிள்ளைக்குத் தெரிந்த தமிழும் அதுதான், அவனில் பிழை இல்லை. பம்ப் கிடைத்தது. அடுத்த வருடம் வேறொரு டொக்டர் கொம்பியூட்டரில் ஆஸ்துமா என்று இருந்ததைப் பார்த்து இன்னும் பலமான பம்ப் எழுதினார். அதற்கு அடுத்தவர் அதையே தொடர்ந்தார். கால் வீங்கி, படுக்க முடியாமல் இருந்து கொண்டே நித்திரை கொள்ளும் நிலை வந்த பிறகுதான் இதயம் பலவீனம் என்று கண்டுபிடித்தார்கள். நாலு வருடமாக அந்தப் பட்டம் ஒரு திரை மாதிரித் தொங்கியது. பின்னால் இருந்த இதயத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கட மொழியில் முட்டு, இழுப்பு, தொய்வு, அடைப்பு, மூச்சு வாங்குறது, களைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது. அந்த மூன்று இலக்கப் பெட்டிக்குள் இவ்வளவும் போகாது. மொழிபெயர்த்து வருவதற்குள் பாதி போய்விடும், குறியீடாகும்போது மிச்சமும் போய்விடும்.

2021ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பகிடியைச் சொல்ல வேண்டும். லிவர்பூலில் முப்பதுகளில் இருந்த ஒரு பத்திரிகையாளருக்கு, கொவிட் தடுப்பூசி போட முந்திக்கொண்டு அழைப்பு வந்தது. ஏன் என்று விசாரித்தால், ஆறு அடி இரண்டு அங்குலம் என்ற உயரத்தை 6.2 சென்ரிமீற்றர் என்று பதிந்திருக்கிறார்கள்! அதனால் அவரின் உடல் பருமன் சுட்டி 28,000 என்று வந்து, கொம்பியூட்டர் அவரை ஆபத்தானவர் பட்டியலில் போட்டிருக்கிறது. உலகமே சிரித்தது. 6.2 சென்ரிமீற்றர் மனிதனை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 493 என்று பிழையாக எழுதப்பட்ட ஒருவரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? நம்பக்கூடிய பிழையை ஒருவரும் பிடிப்பதில்லை.

அதே இங்கிலாந்தில் ஒரு நல்ல விசயமும் இருக்கிறது. "ஆஸ்துமா தீர்ந்தது" என்பதற்கே அங்கே ஒரு குறியீடு உண்டு. அதைப் பதிந்தால் டொக்டரின் ஆஸ்துமாப் பட்டியலில் இருந்து பெயர் நீங்கும். 2017ல் அங்கே செய்த ஒரு சோதனையில், ஆஸ்துமாவுக்கென்றே உள்ள குறியீடு போடப்பட்டவர்களில் 86.4 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா உறுதியானது. அதுவும் டொக்டரின் பதிவுகளை வைத்துச் சொன்ன உறுதிதான், எங்கட விதியோடு நேருக்கு நேர் ஒப்பிடவும் ஏலாது. ஆனாலும் மருத்துவக் குறிப்புக்காக எழுதுகிற குறியீடு வேறு, பில்லுக்காக எழுதுகிற குறியீடு வேறு என்பது விளங்க வேண்டும்.

இதுவரை பட்டியலில் பிழையாக இருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். இனிப் பட்டியலிலேயே இல்லாதவர்கள். இது எங்கட கதை, ஆகவே கொஞ்சம் சூடாகத்தான் சொல்லுவேன்.

அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஓஹிப் இல்லை. அவரின் வைத்தியச் செலவு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தில் போகும். அந்த பில் ஓஹிப்புக்கு வராது. ஆகவே அவருக்கு எத்தனை தரம் இழுத்தாலும் "இரண்டு வருடத்தில் இரண்டு தடவை" விதியின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். 2012 ஜூனில் அந்தத் திட்டத்தையே வெட்டினார்கள். 2014ல் சமஷ்டி நீதிமன்றம் அதைக் கொடூரமானது என்று தீர்ப்புச் சொல்லியது. 2016 ஏப்ரலில்தான் முழுதாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பம்ப் வாங்கக் காசில்லாமல் இருந்தவர்கள் எந்த வரைபடத்தில் இருக்கிறார்கள்? சமூக சுகாதார நிலையங்களிலும் இதே கதைதான். புதிதாக வந்தவர்களும் ஏழைகளும் போகும் அந்த இடங்களில் டொக்டர்மாருக்குச் சம்பளம், ஒவ்வொரு ஆளுக்கும் ஓஹிப் பில் இல்லை. பில் இல்லை என்றால் குறியீடும் இல்லை. மருந்துக் கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், மாகாணத்தின் மருந்துத் திட்டம் முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் சமூக உதவி பெறுவோருக்கும், 2018க்குப் பிறகு இளையோருக்கும்தான். இரண்டு வேலை செய்து காப்புறுதி இல்லாமல் கைக்காசில் மருந்து வாங்குகிறவர் அதிலும் இல்லை.

ஆக இந்தத் தரவு அடிக்கடி வோக்-இன் போகிறவனை இரண்டு தடவையில் நோயாளி ஆக்கும். போகவே வழியில்லாதவனைச் சுகதேகி ஆக்கும். பிறகு இதை வைத்து எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆஸ்துமா, எங்கே நிலையம் திறப்பது, எங்கே காசு போடுவது என்று பேசுவார்கள்.

"ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கு இது தெரியாதோ?" தெரியும். அவர்களின் கட்டுரைகளில் குறைபாடுகள் என்று ஒரு பந்தியில் ஒழுங்காக எழுதியும் இருப்பார்கள். ஒரு மாகாணத்தில் வருடா வருடம் போக்கு எப்படி என்று பார்க்க இந்தத் தரவு உதவும், அதைத் தூக்கி எறி என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஒரே அளவுகோலால் அளந்தால் கூடுதா குறையுதா என்றாவது தெரியும். என் கோபம் வேறு. அந்தக் குறைபாட்டுப் பந்தி கட்டுரையை விட்டு வெளியே வருவதில்லை, நம்பர் மட்டும் வருகிறது. எண்ணுவதற்காக வைத்த குறியீடு மனிதரின் நெற்றியில் ஏறுகிறது. இந்தக் குறியீட்டு முறையின் மூதாதையே 1893ல் பிரான்சின் ஜாக் பேர்ட்டியோன் சாவுக் காரணங்களை எண்ணுவதற்குச் செய்த பட்டியல்தான். செத்தவர்களை எண்ணத் தொடங்கிய முறையால் உயிரோடு இருப்பவரைக் கணிக்கப் போனால் இப்படித்தான் வரும்.

என்ன செய்ய வேண்டும்? நான் நாலே நாலு விடயம் கேட்கிறேன்.

ஒன்று. பரிசோதனை முடியும் வரைக்கும் 493 வேண்டாம். இருமலா, மூச்சுத்திணறலா, 786 என்று போடுங்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே பதியத்தான் அந்தக் குறியீடு இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஸ்பைரோமெட்ரி ஊதுவது கஷ்டம், அங்கே வைத்தியர் நேரில் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும், அது விளங்குகிறது. பெரியவர்களுக்கு என்ன சாட்டு?

இரண்டு. வெளியேறும் வாசல். இங்கிலாந்தில் முடியும் என்றால் இங்கேயும் முடியும்.

மூன்று. ஆஸ்துமாக் கணக்கு வெளியிடும் ஒவ்வொரு இடத்திலும் முதல் வரியிலேயே "இரண்டு வருடத்தில் இரண்டு பில்" என்ற விதியை எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் இல்லை.

நான்கு. அகதித் திட்டத்தின் பில்களையும் சமூக சுகாதார நிலையப் பதிவுகளையும் சேர்க்காமல் எங்கள் பகுதிகளைப் பற்றி ஒரு முடிவும் சொல்லாதீர்கள்.

இது அவர்களுக்கு. எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை டொக்டரிடம் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "எனக்கு ஆஸ்துமா எண்டு எப்ப எழுதினீங்கள்? அதுக்கு முதல் ஊதிப் பாக்கிற ரெஸ்ற் செய்தனீங்களோ? இப்ப செய்யலாமோ?" சிலர் சொல்லுவார்கள், அந்த ரெஸ்ற்றின் அளவுகோலே வெள்ளைக்காரரின் நுரையீரலை வைத்துச் செய்தது என்று. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. 2012ல் வந்த சர்வதேச அளவுகோலில் தென்னாசியர்களுக்கென்று ஒரு பிரிவே இல்லை. ஆனால் ஆஸ்துமாவுக்குப் பார்க்கும் முக்கியமான விசயம் பம்ப் அடிக்க முதல் எவ்வளவு ஊதினீர்கள், அடித்த பிறகு எவ்வளவு என்பது. 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடுதா என்று பார்ப்பார்கள். அங்கே உங்களை ஒப்பிடுவது உங்களோடுதான், யாரோ வெள்ளைக்காரரோடு இல்லை. ஒரு தடவை சரியாக வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று முடிவாகாது, திரும்பவும் செய்ய வேண்டி வரலாம். பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்குப் பம்பைக் குப்பையில் போட வேண்டாம். ஆஸ்துமா உண்மையான வருத்தம், ஆளைக் கொல்லும் வருத்தம். அந்த ஆய்விலும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது இருந்தது. அங்கே மருந்தைக் குறைத்தது வைத்தியர்கள், கண்காணிப்போடு. உண்மையாகவே தொய்வு உள்ளவருக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். பட்டியலில் எல்லோரும் ஆஸ்துமாக்காரர் என்றால், இரவு இரண்டு மணிக்கு மூச்சு எடுக்க முடியாமல் தவிக்கிற உண்மையான ஆள் அந்தக் கூட்டத்துக்குள் காணாமல் போய்விடுவார்.

எங்கட சனத்துக்குப் பட்டியல்கள் புதிதில்லை. பெயர் இருந்தாலும் பிரச்சினை, இல்லாவிட்டாலும் பிரச்சினை என்று வாழ்ந்து வந்தவர்கள். அந்த அனுபவம் இங்கேயாவது எங்களுக்கு உதவ வேண்டும். உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, ஏன் எழுதினார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்காகவும் கேளுங்கள்.